பரணில் கிடக்கும் வெளிவராத வீடியோ கேம்: வைத்திருக்கலாமா, விற்கலாமா, வெளியிடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் நிறுவனங்களின் பெயர்களும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2004 முதல் 2006 வரை பெங்களூருவில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் இவர் புரோகிராமராக இருந்தார். அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவருக்காக சோனியின் பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவிக்கு ஒரு சாகச விளையாட்டை அந்த ஸ்டூடியோ உருவாக்கியது. பிழை திருத்தம் மட்டுமே பாக்கி என்ற நிலையில் பதிப்பாளர் திட்டத்தைக் கைவிட்டார். அடுத்த ஆண்டே ஸ்டூடியோ மூடப்பட்டது. சில ஆண்டுகளில் பதிப்பாளரும் திவாலானார். கடைசி நாளில் தயாரிப்பு மேலாளர் ஆளுக்கொரு டிவிடியைக் கொடுத்து, 'நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்றாராம். அதைத் தவிர, இரவு வேலைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு ஹார்டு டிஸ்க்கும் வாசகரிடம் தங்கிவிட்டது. அதில் விளையாட்டின் மூல நிரல் முழுவதும் இருக்கிறது. யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது மூன்று பக்கங்களிலிருந்து அவருக்கு நெருக்கடி. ஐரோப்பியச் சேகரிப்பாளர் ஒருவர் சில லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஒப்பந்த நகலே அனுப்பிவிட்டார். பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கும் தன்னார்வலர்கள், 'விற்காதீர்கள், இணையத்தில் ஏற்றிவிடுங்கள், உலகத்துக்கே கிடைக்கட்டும்' என்கிறார்கள். 2021இல் காலமான டீம் லீடரின் மனைவி, 'அவர் பெயர் திரையில் வருவதை ஒருமுறை பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்' என்று கேட்டிருக்கிறார். 'இரண்டு நிறுவனங்களும் இல்லை, ஆகவே உரிமையாளரும் இல்லை. நான் காசு வாங்காமல் வெளியிட்டால் வழக்கும் வராது. அதோடு இது நான் எழுதிய நிரல்தானே? என் கணிப்பு சரியா?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

பெரும்பாலோர் செய்வதைச் செய்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். நீங்கள் முன்னால் கேட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் உங்கள் மூன்று கணிப்புகளில் ஒன்றுகூட அப்படியே சரியில்லை. அதற்காகப் பயந்து வட்டைப் பரணிலேயே விட்டுவிடுவதும் சரியில்லை. காப்பாற்றுவது, ஒப்படைப்பது, வெளியிடுவது என்ற மூன்று வேறு செயல்களை நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் மூன்றையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. முதலாவதை இந்த வாரமே செய்யுங்கள். இரண்டாவதைக் காகிதத்தோடு செய்யுங்கள். மூன்றாவதை உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள்.

வட்டு உங்களுடையது, விளையாட்டு?

உங்களுக்கு ஒருவர் கடிதம் எழுதினால் காகிதம் உங்களுக்குச் சொந்தம். அதில் எழுதியதை அச்சிட்டு விற்கும் உரிமை எழுதியவருக்கே. டிவிடிக்கும் அதே நியாயம்தான். மேலாளர் கையில் கொடுத்த வட்டு, அவருக்கு அதைக் கொடுக்கும் அதிகாரம் இருந்ததென்று வைத்துக்கொண்டால், உங்கள் பொருள். அதற்குள் இருக்கும் விளையாட்டின் பதிப்புரிமை வட்டோடு சேர்ந்து கை மாறவில்லை.

'நான் எழுதிய நிரல்' என்கிறீர்கள். எழுதியவர் நீங்கள்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17 என்ன சொல்கிறதென்றால், வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாக உருவான படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, முதல் உரிமையாளர் முதலாளி. கணினி நிரலைச் சட்டம் இலக்கியப் படைப்பின் வகையில் வைத்திருக்கிறது. ஆகவே இந்த விதி அதற்கும் பொருந்தும். நீங்கள் மாதச் சம்பளம் வாங்கிய ஊழியர். உங்கள் நிரல் ஸ்டூடியோவுக்குச் சொந்தமாகப் பிறந்தது. அங்கிருந்து பதிப்பாளருக்குப் போயிற்றா என்பதை இரு நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம்தான் சொல்லும்.

இங்கே ஒரு சுவையான நுணுக்கம் உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. அதன் நான்காம் உட்பிரிவு, உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத பட்சத்தில், அந்த மாற்றம் காலாவதியானதாகக் கருதப்படும் என்கிறது. வெளியிடப்படாத விளையாட்டு என்றதும் பலருக்கு இந்த வரி இனிக்கும். அவசரப்படாதீர்கள். அமெரிக்கப் பதிப்பாளர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அவர்கள் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை; 'வேறு விதமாக' எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். அப்படியே காலாவதியாகி இருந்தாலும் உரிமை திரும்பிப் போவது ஸ்டூடியோவுக்கு. உங்களுக்கு அல்ல.

போகிற போக்கில் நீங்கள் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியமானது. பின்னணி இசை அமைத்த சென்னை நண்பர் ஊழியர் அல்ல. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் காசோலை மட்டும் வாங்கிக்கொண்டவர். எழுத்தில் உரிமையை மாற்றிக்கொடுக்காத வெளி ஆளின் படைப்பு அவரிடமே நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆக, 'உரிமையாளரே இல்லை' என்று நீங்கள் நினைத்த விளையாட்டுக்கு, உங்கள் கைப்பேசியிலேயே எண் இருக்கும் ஓர் உரிமையாளர் இருக்கலாம். அவரிடம் முதலில் பேசுங்கள்.

நிறுவனம் செத்தால் உரிமை சாகுமா?

சாகாது. திவாலான நிறுவனத்தின் நாற்காலி, மேசை எப்படி ஏலத்துக்குப் போகின்றனவோ, பதிப்புரிமையும் அப்படியே போகும். டி.ஹெச்.க்யூ என்ற பெரிய அமெரிக்கப் பதிப்பாளர் 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. 2013 ஜனவரியில் அதன் முக்கியச் சொத்துகள் ஏலத்தில் பல கைகளுக்குப் பிரிந்தன. மிச்சமிருந்தவற்றில் பெரும் பகுதியை அந்த ஏப்ரலில் நார்டிக் கேம்ஸ் வாங்கியது. பின்னர் பழைய பெயரையும் சேர்த்துத் தன்னை டி.ஹெச்.க்யூ நார்டிக் என்று அழைத்துக்கொண்டது. மிட்வே என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனம் 2009இல் திவாலானபோது அதன் பெரும்பாலான சொத்துகள் வார்னர் பிரதர்ஸிடம் சேர்ந்தன. இப்படி மொத்தமாக வாங்கியவர்களுக்குத் தங்களிடம் என்னென்ன வந்து சேர்ந்தன என்பதே முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் விளையாட்டும் அப்படி ஒரு பட்டியலின் ஏதோ ஒரு வரியில் இருக்கலாம். உரிமையாளருக்குத் தன் உரிமை தெரியாமல் இருப்பது வேறு, உரிமையாளரே இல்லாமல் இருப்பது வேறு. வழக்கு வரும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

காலம் கடந்தால் தானாக விடுபடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்துக்காக ஊழியர்கள் உருவாக்கிய, வெளிவராத படைப்புக்கு உருவான ஆண்டிலிருந்து 120 ஆண்டுகள் பாதுகாப்பு. 2006இல் உருவானது என்றால் 2126 வரை. உங்கள் டிவிடி அதற்குள் எத்தனை முறை செத்திருக்கும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். சட்டம் காத்திருக்கச் சொல்கிறது, வட்டு காத்திருக்காது.

'இலவசம்தானே' என்ற வாதம்

இணையத்தில் பலமுறை திரும்பச் சொல்லப்பட்டே சட்டம் போல ஆகிவிட்ட நம்பிக்கை இது. பிரிவு 63இன்படி, தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக ஆதாயம் இல்லாத மீறலுக்கு, தகுந்த சிறப்புக் காரணங்களை எழுதி, நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். குறைக்கலாம், அவ்வளவுதான், குற்றம் குற்றமாகவே நிற்கிறது. 2022இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரிவு 63இன் கீழான குற்றம் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விட முடியாத வகையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. கோவையில் உங்கள் வீட்டுக் கதவை நாளையே யாரோ தட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. தட்டினால் 'நான் காசு வாங்கவில்லை' என்பது கதவை மூடும் பதில் அல்ல என்கிறேன்.

தன்னார்வலர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெளிவராத விளையாட்டுகளின் வரலாறு இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அனுமதி கேட்காமல் செயல்பட்டவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 'எர்த்பவுண்ட்' வரிசையின் முதல் விளையாட்டை நின்டெண்டோ 1990இலேயே ஆங்கிலத்தில் முடித்து வைத்திருந்தது, வெளியிடவில்லை. ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்த முன்மாதிரி கார்ட்ரிட்ஜிலிருந்து (விளையாட்டு அடங்கிய, கருவியில் செருகும் பெட்டி) ரசிகர்கள் 1998இல் அதைப் பிரதியெடுத்துப் பரப்பினார்கள். நின்டெண்டோ தானே அதை அதிகாரபூர்வமாக வெளியிட 2015 ஆயிற்று. ரேர் நிறுவனத்தின் 'டைனோசர் பிளானட்' பாதியில் உருமாறி வேறு பெயரில் வேறு கருவிக்குப் போனது. அதன் 2000ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று, தனியார் ஒருவரிடமிருந்து வாங்கப்பட்டு 2021 பிப்ரவரியில் இணையத்துக்கு வந்தது. அதற்கு அடுத்த மாதமே 'ஹிடன் பேலஸ்' என்ற தன்னார்வலர் குழு, நீங்கள் வேலை செய்த அதே பிளேஸ்டேஷன் 2 கருவிக்கான 700க்கும் மேற்பட்ட முன்மாதிரிகளை ஒரே தொகுப்பாக வெளியிட்டது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் பாருங்கள்: வெளியிட்டவர்கள் பெரும்பாலும் புனைபெயர்க்காரர்கள், அந்த விளையாட்டுகளை உருவாக்கிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் எதுவும் இல்லாதவர்கள். நீங்கள் அப்படி அல்ல. உங்கள் நியமனக் கடிதத்தில் இரகசியக் காப்புப் பிரிவு இருந்திருக்கும். வேலை போனாலும் அது தொடரும் என்றும் எழுதியிருப்பார்கள். உங்களிடமிருந்துதான் வந்தது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. குழுவில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினாலே போதும். அடுத்தவர் துணிச்சலுக்கு விலை கொடுக்கப்போவது நீங்கள் என்பதைத் தன்னார்வலர்கள் கடிதத்தில் எழுதவில்லை.

டிவிடி வேறு, ஹார்டு டிஸ்க் வேறு

இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அவை ஒரே பெட்டியில் இல்லை.

டிவிடியை உங்களுக்குக் கொடுத்தார்கள். நீங்கள் அதைச் சட்டப்படி வைத்திருப்பவர் என்று வாதிட இடம் உண்டு. பிரிவு 52(1)(ஏஏ), கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அழிவு, இழப்பு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்தப் பிரதி எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அதற்காக மட்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. 'நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று தந்தார் அல்லவா? அந்த நினைவு அழியாமல் இருக்க ஒரு பிரதி எடுப்பது இதற்குள் அடங்கும் என்று நான் துணிந்து வாதிடுவேன்.

ஹார்டு டிஸ்க் அப்படி அல்ல. அது வேலைக்காக வந்த அலுவலகச் சொத்து. கேட்கவில்லை என்பதால் உங்களுடையதாகிவிடாது. அதில் உங்கள் நிரல் மட்டுமா இருக்கும்? பிளேஸ்டேஷன் 2 உருவாக்குநர்களுக்கு சோனி உரிமம் பெற்றவர்களிடம் மட்டும் தந்த கருவித் தொகுப்புகள் இருக்கும். விலைக்கு வாங்கிய இன்ஜின், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள், இருந்ததாகச் சொல்கிறீர்கள். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ரெண்டர்வேர் என்று வைத்துக்கொண்டால், அதை உருவாக்கிய கிரைட்டீரியன் நிறுவனத்தை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2004இல் வாங்கிவிட்டது. அலுவலக மின்னஞ்சல்கள், சக ஊழியர்களின் சம்பளப் பட்டியல், யாரோ ஒருவரின் கல்யாணப் புகைப்படங்கள்கூட இருக்கும். இவை எதையும் வெளியிடும் உரிமை உங்களுக்கோ, விளையாட்டின் உரிமையாளருக்கோ கிடையாது. டிவிடி கசிந்தால் பழைய விளையாட்டு ஒன்று கசிந்ததாகச் சொல்வார்கள். ஹார்டு டிஸ்க் கசிந்தால் சொல்லும் சொல் வேறு.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

எழுதக்கூடிய டிவிடியில் தகவல், சாயப் படலத்தில் லேசரால் எழுதப்படுகிறது. அந்தச் சாயம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் மங்கும். எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போகும். வெளி விளிம்பில்தான் விரல் படும், கீறல் விழும், வட்டின் ஒட்டு விலகத் தொடங்கும். அதனால் பழுதும் பெரும்பாலும் அங்கேயே முதலில் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நிறம் சீராக இருக்கிறதா என்று. காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்; அதோடு படலமும் வந்துவிடலாம். கோவை வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் உள்ள பரண், ஒரு வட்டுக்கு நீங்கள் தரக்கூடிய மிக மோசமான இடம்.

வட்டை முழு இமேஜ் கோப்பாக (வட்டில் உள்ளதை அப்படியே பிடித்த ஒரே கோப்பு), இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் படித்து எடுங்கள். இரண்டு இமேஜ்களின் ஹேஷ் எண்ணும் (கோப்பின் கைரேகை போன்ற அடையாள எண்) ஒன்றாக இருந்தால் வாசிப்பு சரி. கோப்புகளைத் தனித்தனியாக இழுத்துப் போட்டு நகலெடுப்பது போதாது. வட்டின் அமைப்பும் தேதிகளும் அதில் தொலைந்துபோகும். மேலே மார்க்கரில் எழுதியிருக்கும் பதிப்பு எண்ணையும் தேதியையும் படம் எடுத்து வையுங்கள். பல நேரங்களில், எந்தக் கட்டத்துப் பிரதி என்பதற்கு அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு சான்று இருக்காது.

ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தவரை ஒரே அறிவுரை: கணினியில் மாட்டி 'இன்னும் ஓடுகிறதா' என்று பார்க்காதீர்கள். விண்டோஸ் அதைத் தொட்ட மாத்திரத்தில் சில கோப்புகளின் தேதிகளை மாற்றிவிடும். பழைய டிஸ்க்குக்கு ஒருமுறை சுழல்வதே கடைசிச் சுழற்சியாகவும் இருக்கலாம். எழுதுவதைத் தடுக்கும் கருவி வைத்திருக்கும் தரவு மீட்பு நிபுணரிடம், இரகசியக் காப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு இமேஜ் எடுக்கச் சொல்லுங்கள். அதைத் திறக்காமல் மூடி முத்திரையிட்டு வையுங்கள். இதற்கு டிவிடி அளவுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று மேலே சொன்னேன். ஆனாலும், உரிமையாளரிடம் சேர்ப்பதற்காக ஒரு பொருளை அழியாமல் வைத்திருப்பவருக்கும் பரப்புபவருக்கும் எந்த நீதிபதியும் வேறுபாடு பார்ப்பார்.

சேகரிப்பாளரின் ஒப்பந்தம்

நீங்கள் இணைத்திருந்த நகலை இரண்டு முறை படித்தேன். தொகையைப் பார்த்த கண்ணால் நான்காம் பத்தியையும் பாருங்கள். 'விற்பவரே அனைத்து உரிமைகளுக்கும் தனி உரிமையாளர்' என்று நீங்கள் உறுதிமொழி தருகிறீர்கள். அது உண்மையல்ல, உண்மையல்ல என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நாளை உண்மையான உரிமையாளர் வந்தால், வாங்கியவருக்கு ஏற்படும் நட்டத்தையெல்லாம் நீங்களே ஈடுகட்ட வேண்டும் என்கிறது ஐந்தாம் பத்தி. ஆறாம் பத்தியில், எந்தப் பிரதியும் உங்களிடம் இருக்கக் கூடாது. அதாவது டீம் லீடர் வீட்டுக்குக் காட்டக்கூட எதுவும் மிஞ்சாது.

வட்டை ஒரு பொருளாக மட்டும் விற்பது சாத்தியமே, உரிமை எதையும் விற்கவில்லை என்று தெளிவாக எழுதினால். ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரிய பொருளுக்குச் சந்தையில் பெரும் விலை இருக்கிறது. நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து உருவாக்கி வெளிவராமல் போன கருவியின் முன்மாதிரி 2020இல் 3,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. விலை அரிதாக இருப்பதில்தான் இருக்கிறது, ஆகவே வாங்குகிறவருக்குப் பிரதி பெருகாமல் இருப்பதே லாபம். எல்லாச் சேகரிப்பாளர்களும் அப்படி என்று சொல்லவில்லை. பலர் பெருந்தன்மையோடு பிரதியெடுக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் பத்தியை எழுதியவர் அந்த வகையில் சேரமாட்டார்.

யாரிடம் ஒப்படைக்கலாம்

இந்தியாவில் என்றால், வருத்தமான பதில்தான். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். மென்பொருளுக்கும் விளையாட்டுக்கும் அப்படி ஒரு கடமை கிடையாது. 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 52(1)(என்), இலாப நோக்கற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்கிறது; ஆனால் அந்த நூலகத்திடம் அதன் மின்னணு அல்லாத பிரதி ஏற்கெனவே இருக்க வேண்டும். பிறக்கும்போதே மின்னணுவாகப் பிறந்த ஒரு விளையாட்டுக்கு மின்னணு அல்லாத பிரதி எங்கிருந்து வரும்? காகிதத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. சட்டம் இயற்றியவர்களுக்கு உங்கள் பரண் தெரிந்திருக்காது.

வெளிநாட்டில் நம்பகமான இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகமும், 2017இல் தொடங்கப்பட்ட வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் குறிப்பிடத்தக்கவை. நின்டெண்டோ கருவிக்காக 1991இல் அறிவிக்கப்பட்டுக் கைவிடப்பட்ட 'சிம்சிட்டி' விளையாட்டின் கார்ட்ரிட்ஜ் 2017இல் வெளிப்பட்டபோது, அந்த ஃபவுண்டேஷன் அதைப் பிரதியெடுத்து ஆராய்ந்து அடுத்த ஆண்டு இறுதியில் பொதுவில் வைத்தது. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2014இல், சேர்ந்த விளையாட்டுகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், எழுதக்கூடிய சாதாரண டிவிடி ஒன்றைக் கண்டார். அது 'டியூக் நியூகெம்' வரிசையில், பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வெளிவராமலே போன ஒரு விளையாட்டின் மூலப் பொருள்.

இத்தகைய இடத்தில் 'மூடிய வைப்பு' என்று கேளுங்கள். வட்டும் இமேஜும் அவர்களிடம் இருக்கும். உரிமையாளர் சம்மதிக்கும்வரையோ, நீங்கள் குறித்த காலம்வரையோ வெளியே போகாது. ஆய்வாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். வெளிவந்து சந்தையிலிருந்து மறைந்த விளையாட்டுகளையாவது ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க அனுமதியுங்கள் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் கேட்டுப் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் அதுவும் மறுக்கப்பட்டது. ஆகவே உங்கள் விளையாட்டை உலகமே விளையாடும் என்று எதிர்பார்த்துக் கொடுக்காதீர்கள். அழியாது என்பதற்காகக் கொடுங்கள். கொடுக்கும்போது டிவிடியை மட்டும் கொடுங்கள். ஹார்டு டிஸ்க்கை உரிமையாளர் யாரென்று தெரியும்வரை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

டீம் லீடரின் மனைவி

உங்கள் கடிதத்தில் எனக்கு எளிதாகப் பதில் சொல்ல முடிந்த பகுதி இது. உங்கள் வீட்டிலோ அவர் வீட்டிலோ, குடும்பத்தினர் முன் விளையாட்டை ஓட்டிக் காட்டுவதால் பதிப்புரிமை வழக்கு வரும் என்று நான் கவலைப்படவில்லை. அது பொதுமக்களுக்குக் காட்டுவதாகாது. ஆனால் பிரதியை அவரிடம் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் ஆசையோடு வீடியோ எடுத்து இணையத்தில் போடவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனை வட்டு கடையில் விற்ற கருவியில் ஓடாது. உருவாக்குநர்களுக்குத் தந்த சோதனைக் கருவி வேண்டும். அவை பொதுவாக ஒப்பந்தத்தின் பேரில் தரப்பட்டவை என்பதால் பழைய சந்தையில் தேடி வாங்கப் புறப்படாதீர்கள். கணினியை அந்தக் கருவியைப் போலவே இயங்க வைக்கும் எமுலேட்டர் மென்பொருளில் இமேஜை ஓட்டிப் பார்ப்பது எளிது.

அவருக்குச் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு என்று சொல்லுங்கள். பதிப்புரிமை முதலாளிக்குப் போனாலும், 'இதைப் படைத்தவன் நான்' என்று உரிமை கோரும் தனி உரிமை பிரிவு 57இன்படி படைத்தவரிடமே இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அவரது சட்டப்பூர்வ வாரிசுகளும் அதைக் கோரலாம். நாளை யாராவது இந்த விளையாட்டை வெளியிட்டால், தன் கணவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கலாம். வெளியிடு என்று கட்டாயப்படுத்த மட்டும் முடியாது. படைப்பைக் காட்டாமல் வைத்திருப்பது இந்த உரிமையை மீறியதாகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

இன்னொன்று. யார் எந்தக் கட்டத்தை வடிவமைத்தார், எந்த யோசனை எப்போது கைவிடப்பட்டது, திட்டம் ரத்தான செய்தி குழுவுக்கு எப்படி வந்தது என்பவற்றில் பதிப்புரிமை கிடையாது. அவை நடந்த சம்பவங்கள். பணத் தொகைகளையும் பதிப்பாளரின் வணிகத் திட்டங்களையும் விட்டுவிட்டு, பழைய நண்பர்களோடு உட்கார்ந்து குரல்பதிவு செய்யுங்கள். வெளிவந்த விளையாட்டுகளுக்கே கதி சரியில்லை: 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்கிறது 2023இல் வந்த ஆய்வு. வெளிவராதவற்றுக்கு அட்டைப்படமோ விமர்சனமோகூட இருக்காது. இருக்கும் சாட்சிகள் நீங்கள் சிலர்தான்.

சம்மதம் கேட்பது எப்படி

திவால் நீதிமன்ற ஆவணங்கள் அமெரிக்காவில் பொது ஆவணங்கள். பதிப்பாளரின் சொத்துப் பட்டியல் யாரிடம் போனது என்று அங்கே பார்க்கலாம். அங்குள்ள வழக்கறிஞர் ஒருவர் சில மணி நேரத்தில் தேடித் தருவார். ஸ்டூடியோவின் இயக்குநர்கள் யார் என்பது நம் நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவேட்டில் இருக்கும்.

கண்டுபிடித்த பிறகு, 'என்னிடம் உங்கள் விளையாட்டு இருக்கிறது' என்று உங்கள் பெயரில் கடிதம் போடாதீர்கள். வழக்கறிஞர் மூலம், பெயர் சொல்லாமல், இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: இந்தத் தலைப்பின் உரிமை உங்களிடம் இருக்கிறதா? இலாப நோக்கற்ற காப்பகம் ஒன்று அதைப் பாதுகாப்பதற்கு ஆட்சேபம் உண்டா? வெளியீட்டை முதல் கடிதத்தில் கேட்காதீர்கள். கேட்டால் விஷயம் சட்டப் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து 'முடியாது' என்ற பதில்தான் வரும். பல கைகள் சேர்ந்த விளையாட்டு என்றால் இன்னும் கடினம்: ஜேம்ஸ் பாண்ட் படத்தை ஒட்டிய 'கோல்டன்ஐ' விளையாட்டின் எக்ஸ்பாக்ஸ் மறுவடிவம் ஏறக்குறைய முடிந்த பிறகும், மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ, திரைப்பட உரிமையாளர்கள் மூவரின் சம்மதமும் ஒன்றுசேராமல் முடங்கி, 2021இல் கசிந்துதான் வெளியே வந்தது. உங்கள் விளையாட்டில் திரைப்படப் பாத்திரங்கள் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம்.

தேடியும் உரிமையாளரைக் காண முடியவில்லை என்றால் பிரிவு 31ஏ இருக்கிறது. உரிமையாளரைக் கண்டறிய முடியாத வெளிவராத படைப்பை வெளியிட உரிமம் கேட்டு வணிக நீதிமன்றத்தில் மனு செய்யலாம். அதற்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் விளம்பரம் தர வேண்டும். வீடியோ கேம் ஒன்றுக்காக இந்த வழியில் போனவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. செலவும் காலமும் பிடிக்கும். வெளிநாட்டில் அது செல்லவும் செல்லாது. ஆனாலும் தேடிய முயற்சிகளை இன்றிலிருந்தே தேதியோடு குறித்து வையுங்கள். அந்த மனுவுக்கு முதல் சான்றும் அதுதான், எதிர்காலத்தில் உங்கள் நல்லெண்ணத்தை நிரூபிக்க வேண்டி வந்தால் அதற்கும் அதுதான்.

சேகரிப்பாளருக்கு இப்போதைக்கு, 'விற்பனைக்கு இல்லை' என்று ஒரே வரியில் பதில் போடுங்கள். காரணம் எழுத வேண்டாம். உங்கள் பழைய நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து அனுப்பினால், அதிலுள்ள இரகசியக் காப்புப் பிரிவைப் படித்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன்.